முப்பத்தேழு நாள் தகப்பன்

(பட்டிமன்றத் தலைப்பு: மனித வாழ்க்கைக்குப் பெருமை சேர்ப்பது குடும்பப் பொறுப்பா? கொள்கைப் பிடிப்பா? ‘கொள்கைப் பிடிப்பே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எங்கள் அணியைத் தொடங்கி வைத்த தலைவர் அவர்களே! எதிரணியில் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கும் நண்பர்களே! அவர்களை விடச் சிரித்த முகத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்து, இந்த மனுஷன் வீட்டில் ஒரு பேச்சு மேடையில் ஒரு பேச்சு என்று பார்த்துக்கொண்டிருக்கும் என் துணைவியாரே! (சிரிப்பு) அரங்கம் நிறைந்த தாய்மார்களே, பெரியோர்களே, தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அன்பு உள்ளங்களே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு கேள்வி கேட்டுட்டுப் போய் உட்கார்ந்தாங்க. “கொள்கை கொள்கைன்னு சொல்லிட்டு ஆம்பளை வீட்டை விட்டுக் கிளம்பிடறான். வீட்டில் கைக்குழந்தை அழுது. அதுக்குப் பால் யார் வாங்குவா? அந்தக் கொள்கை கடைக்குப் போய் வாங்குமா?” என்று கேட்டார்கள். எல்லாரும் கைதட்டினீங்க. உண்மையைச் சொன்னால் நானும் மனசுக்குள் தட்டினேன். வெளியில் தட்டியிருந்தால் எங்கள் தலைவர் என்னை இந்த நாற்காலியிலிருந்து எழுப்பி அந்த நாற்காலிக்கு அனுப்பியிருப்பார். (சிரிப்பு)

அது நியாயமான கேள்விங்க. அதுக்குத் தத்துவம் பேசித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்றேன். சகோதரி கேட்ட அதே கைக்குழந்தை இந்தக் கதையில் இருக்கு. அதே மாதிரி வீட்டை விட்டுக் கிளம்பின ஆம்பளையும் இருக்கான். அவன் கிளம்பின அன்றைக்குக் குழந்தை பிறந்து 37 நாள். கிளம்பினவன் திரும்பி வரவேயில்லை. கேட்டு முடித்த பிறகு பால் யார் வாங்கினார்கள் என்று நீங்களே சொல்லுங்க.

இத்தாலி தேசம். வடக்கே, ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் டுரின் என்று ஒரு ஊர். ஃபியட் கார் செய்கிற ஊர் என்றால் உங்களுக்குத் தெரியும். அந்த ஊரில் 1901-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் தேதி பிறந்தவன் பியரோ கொபெட்டி. கிராமத்திலிருந்து பிழைக்க வந்து, டுரினில் சின்னதாக மளிகைக் கடை போட்ட தம்பதிக்கு ஒரே பிள்ளை. மளிகைக் கடைக்காரர் வீட்டு ஒற்றைப் பிள்ளையிடம் வீட்டில் என்ன எதிர்பார்ப்பாங்க? கல்லாவில் உட்காருவான் என்று எதிர்பார்ப்பாங்க. கொஞ்சம் படிப்பு வந்தால் வக்கீலாவான் என்று எதிர்பார்ப்பாங்க. இவன் சட்டக் கல்லூரியில் சேர்ந்தான். சேர்ந்த கையோடு, 1918 நவம்பரில், ஒரு பத்திரிகை ஆரம்பிச்சான். வயசு 17! நம்ம வீட்டுப் பிள்ளை 17 வயசில் பத்திரிகை வாங்கினால் சினிமாப் பக்கத்தைத் தேடுவான். இவன் பத்திரிகையே நடத்தினான். பேர் ‘எனர்ஜியே நோவே’. புதிய சக்திகள் என்று பொருள்.

அதே கட்டடத்தில், இன்னொரு வீட்டில், ஒரு பழ வியாபாரி குடியிருந்தார். அவருக்கு ஒரு பொண்ணு. இவனை விட ஒரு வயசு சின்னவ. பேரு ஆடா. நெடிலில் சொல்லணும். குறிலில் ‘அடா’ன்னு கூப்பிட்டா அடி விழும். (சிரிப்பு) ஒரே கட்டடத்து மாடிப்படியில் ஏறி இறங்குகிற பொண்ணுக்கு இந்தப் பையன் ஒரு கடிதம் எழுதினான். காதல் கடிதம் என்று நினைக்காதீங்க. “பத்திரிகை ஆரம்பிக்கப் போகிறேன், வேலைக்கு உதவ முடியுமா?” என்று கேட்டு எழுதினான்! வேலைக்குத்தான் வந்தாள் அந்தப் பொண்ணு. அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து ரஷ்ய மொழி கற்றுக்கொண்டார்கள். சேர்ந்து மொழிபெயர்த்தார்கள். ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டே கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார்கள். அந்தக் கடிதங்கள் 1991-ல் புத்தகமாகவே வந்திருக்கு. எதிரணிக்கு ஒன்று சொல்றேன். இந்த வீட்டில் கொள்கை கல்யாணத்துக்கு அப்புறம் வந்த சக்களத்தி இல்லீங்க. இங்கே கல்யாணத்துக்குத் தரகு பார்த்ததே கொள்கைதான்! (கைதட்டல்)

படிக்கிற காலத்திலேயே அவனுக்கு நல்ல வாத்தியார்கள் கிடைத்தார்கள். பொருளாதாரம் சொல்லிக் கொடுத்த லூயிஜி எய்னவ்தி பிற்காலத்தில், 1948-ல், இத்தாலியின் ஜனாதிபதியானவர். அதே ஊரில் அந்தோனியோ கிராம்ஷி ஒரு கம்யூனிஸ்ட் நாளேடு நடத்திக்கொண்டிருந்தார். கொபெட்டி கம்யூனிஸ்ட் இல்லை, தாராளவாதி. ஆனாலும் கிராம்ஷி தன் பத்திரிகையில் நாடக விமர்சனம் எழுத அவனுக்கு இடம் கொடுத்தார், இவனும் எழுதினான். கருத்து ஒத்துப்போகாதவனுக்குப் பக்கம் ஒதுக்குகிற மனசு இருக்கே, அதைத்தான் கொஞ்ச நாளில் அந்த நாட்டிலிருந்து துடைத்து எடுத்தார்கள்.

1922 பிப்ரவரியில் கொபெட்டி ஒரு வார இதழ் தொடங்கினான். ‘லா ரிவொலூசியோனே லிபெராலே’, தாராளவாதப் புரட்சி. அதே வருஷம் அக்டோபர் கடைசியில் முசோலினி ரோமாபுரிக்குள் வந்து பிரதமராக உட்கார்ந்தார். டிசம்பரில் டுரின் நகரத்திலேயே கறுப்புச் சட்டைக்காரர்கள் புகுந்து, தொழிற்சங்கக் கட்டடத்துக்குத் தீ வைத்து, குறைந்தது 11 பேரைக் கொன்றார்கள்.

பாசிசம் என்றால் என்ன என்று கேட்கிற பிள்ளைகளுக்காகச் சுருக்கமா ஒன்று சொல்றேன். இங்கே இரண்டு அணி இருக்கு. நடுவில் நடுவர் இருக்கார். இந்த இரண்டு அணியுமே எதுக்கு? எதிரணி என்று ஒருத்தர் பேசினாலே அது தேசத் துரோகம். நடுவர் ஒருத்தர் பேசினால் போதும், மற்றவர்கள் எல்லாரும் கைதட்டினால் போதும். தட்டாதவன் பேரை வாசலில் நிற்கிற ஆள் குறித்துக்கொள்வான். இதுதான் பாசிசம்.

(நடுவர்: கேட்க நல்லாத்தானே இருக்கு! — பலத்த சிரிப்பு)

நடுவர் ஐயா சிரிச்சுக்கிட்டே சொல்றார். அவர் சிரிக்காமல் சொன்னார்! ஒரு வேடிக்கை பாருங்க, முசோலினியும் பத்திரிகைக்காரர்தான். முதலில் சோஷலிஸ்ட் கட்சிப் பத்திரிகைக்கு ஆசிரியர். அப்புறம் 1914-ல் சொந்தமாக ஒரு நாளேடு. பேனாவோட பலம் என்ன என்று தெரிந்தவர். அதனால்தான் அவருக்குப் பேனாவைக் கண்டால் பயம். கறுப்புச் சட்டை போட்ட படைக்கே தலைவர், டுரினில் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒல்லியாக உட்கார்ந்திருந்த ஒரு பையனைப் பார்த்துப் பதறினார் என்றால் காரணம் அதுதான்.

அப்படி என்ன எழுதினான் அந்தப் பையன்? அந்தச் சமயத்தில் நாட்டில் பழம் தின்று கொட்டை போட்ட தலைவர்கள் எல்லாம் என்ன நினைத்தார்கள் தெரியுமா? ‘இந்த ஆள் கொஞ்ச நாள் கூத்தடிப்பான், நாற்காலி கிடைத்தால் அடங்கிவிடுவான், அடங்காவிட்டால் இறக்கிவிடலாம்’ என்று நினைத்தார்கள். 21 வயசுப் பையன் எழுதினான், இது வந்து போகிற காய்ச்சல் இல்லை என்று. சண்டை வேண்டாம், சச்சரவு வேண்டாம், யாரோ ஒருத்தன் தலையில் எல்லாப் பொறுப்பையும் கட்டிவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைக்கிற நம்முடைய பழைய சோம்பல்தான் இப்படி உருவம் எடுத்து வந்திருக்கு. பாசிசம் இந்தத் தேசத்தின் சுயசரிதை என்று எழுதினான். பழியை முசோலினி ஒருத்தர் மேல் போட்டிருந்தால் எல்லாரும் கைதட்டியிருப்பாங்க. இவன் கண்ணாடியை எடுத்துப் படிக்கிறவன் முகத்துக்கு நேரா பிடிச்சான். அதான் வலிச்சது.

1923 ஜனவரி 11-ல் பியரோவுக்கும் ஆடாவுக்கும் கல்யாணம். அவனுக்கு 21, அவளுக்கு 20. கல்யாணமாகி ஒரு மாசம் முடியலீங்க, பிப்ரவரியில் போலீஸ் வந்து மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போச்சு. விட்டார்கள். மே மாசம் மறுபடியும் பிடித்தார்கள். மறுபடியும் விட்டார்கள். நம்ம ஊரில் மறுவீட்டு விருந்து நடக்கிற காலத்தில், அந்தப் பொண்ணு சிறைவாசலில் நின்றாள். வெளியே வந்தவன் என்ன செய்தான்? அதே வருஷம் ஒரு பதிப்பகமும் ஆரம்பித்தான்! புத்தகங்களில் ஒரு வட்ட முத்திரை. அதில் கிரேக்க எழுத்தில் ஒரு வாசகம். ‘அடிமைகளோடு எனக்கென்ன வேலை’ என்று அர்த்தம் வரும். கொழுப்பைப் பாருங்க! (சிரிப்பு) மூன்றே வருஷத்தில் சுமார் 100 புத்தகம் போட்டான். யூஜெனியோ மொந்தாலே என்ற இளைஞரின் முதல் கவிதைத் தொகுதியை 1925-ல் போட்டவன் இவன்தான். அந்த மொந்தாலே 1975-ல் நோபல் பரிசு வாங்கினார். பரிசு வாங்கப் போகிறவரை 50 வருஷத்துக்கு முன்னாடியே கண்டுபிடித்த இளைஞன்!

இப்போ ஒரு தந்தியைப் பற்றிச் சொல்லணும். தேதி 1924 ஜூன் 1. அனுப்புநர், பிரதமர் முசோலினி. பெறுநர், டுரின் நகரத்து பிரீஃபெக்ட். நம்ம ஊர் கலெக்டர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கொபெட்டி பாரீஸ் போய் வந்தானாம், இப்போது சிசிலியில் இருக்கானாம், அவனைக் கண்காணித்து, அரசாங்கத்தை எதிர்க்கிற அந்த அசட்டு ஆளின் வாழ்க்கையை மறுபடியும் கஷ்டமாக்குங்கள் என்று உத்தரவு.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒரு தேசத்துப் பிரதமர். அவருக்கு வயசு 40. தேர்தலில் ஜெயிச்சு இரண்டு மாசம் ஆகலை. அந்த மனுஷன் உட்கார்ந்து, 22 வயசு மளிகைக் கடைக்காரர் மகனுக்காக ஒரு தந்தி கொடுக்கிறார். கொல்லுங்கள் என்று சொல்லலை. சிறையில் போடுங்கள் என்றும் சொல்லலை. வாழ்க்கையைக் கஷ்டமாக்குங்கள் என்கிறார். அதிலும் ‘மறுபடியும்’ என்று ஒரு வார்த்தை. முன்னாடியே கஷ்டப்படுத்தியாச்சு, போதாது என்று அர்த்தம். எனக்கு ரொம்ப நாளாக ஒரு எண்ணம். வாளை எடுத்து வருகிறவனை எதிர்த்து நின்றுவிடலாம். தினம் ஒரு தொல்லை கொடுக்கிறவனை எதிர்த்து நிற்பதுதான் கஷ்டம். இன்றைக்கு வீட்டைச் சோதனை போடுவான். நாளைக்கு அச்சடித்த இதழைப் பறிமுதல் செய்வான். அடுத்த வாரம் அச்சகக்காரரை மிரட்டுவான். அச்சகக்காரருக்கும் குடும்பம் இருக்கு இல்லீங்களா? அவர் வந்து, “தம்பி, வேற இடம் பார்த்துக்கோப்பா” என்பார். இப்படியே வீட்டுக்காரர், காகிதக் கடைக்காரர், கடைசியில் சொந்தக்காரர். கொள்கையைத் துப்பாக்கி கொன்றதை விட இந்தத் தொல்லை கொன்றதுதான் அதிகம்.

தந்தி வந்த பத்தாம் நாள், ஜூன் 10-ல், ரோமில் ஜாக்கோமோ மத்தேயோத்தி என்கிற சோஷலிஸ்ட் உறுப்பினரைப் பட்டப்பகலில் காரில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோய்க் கொன்றார்கள். நாடாளுமன்றத்தில் எழுந்து தேர்தல் மோசடியைச் சொன்னதுதான் அவர் செய்த குற்றம். நாடே வாயடைத்து நின்றது. கொபெட்டி வாயை மூடலை. மத்தேயோத்தியைப் பற்றி எழுதினான். அதைச் சின்னப் புத்தகமாகவும் போட்டான். செப்டம்பர் 5-ல் அவனுடைய வீட்டு மாடிப்படியிலேயே மறித்து அடித்தார்கள். ஒல்லி உடம்பு. பல பேராக வந்து அடித்தார்கள்.

அந்த அடிதான் பின்னால் அவனைக் கொன்றது என்று நிறையப் பேர் எழுதியிருக்காங்க. நான் அவ்வளவு தூரம் போகலை. மருத்துவர் இல்லாத ஊரில் நாமே மருத்துவராகக் கூடாது. இதயம் பலவீனமாக இருந்த உடம்பு. அதில் அடியும் விழுந்தது, அலைச்சலும் சேர்ந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

1925 நவம்பரில் எல்லாக் கதவையும் மூடினார்கள். கொரியேரே டெல்லா சேரா என்று அந்த நாட்டின் பெரிய நாளிதழ். அதன் ஆசிரியர் லூயிஜி ஆல்பெர்தினியையே அந்த மாசம் வெளியே அனுப்பினார்கள். மலையையே பெயர்த்தவர்களுக்கு இந்தக் கூழாங்கல் எம்மாத்திரம்? வார இதழின் கடைசிப் பிரதி நவம்பர் 8-ல் வந்தது. அப்புறம், நீ பத்திரிகையும் நடத்தக் கூடாது, பதிப்பகமும் நடத்தக் கூடாது என்று உத்தரவு. பேனாவை விற்றுப் பிழைக்கச் சொன்னால் எவனாவது பிழைப்பான். இவனுக்குப் பேனாவே கூடாது என்று சொல்லிட்டாங்க.

வீட்டில் ஆடாவுக்கு நிறைமாசம். டிசம்பர் 28-ல் ஆண் குழந்தை. பாவ்லோ என்று பேர் வைத்தார்கள்.

சகோதரி, உங்க கேள்வி இங்கேதான் வருது. அந்த நேரத்தில் அவன் முன்னாடி இரண்டு வழி. வாயை மூடிக்கொண்டு, அப்பா கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டு, மகன் வளர்வதைப் பார்த்துக்கொண்டு உள்ளூரிலேயே இருக்கலாம். இல்லையென்றால் பாரீஸ் போய் அங்கே ஒரு பதிப்பகம் ஆரம்பித்து, பிறகு மனைவியையும் குழந்தையையும் கூப்பிட்டுக்கொள்ளலாம். இரண்டாவது வழியை எடுத்தான். 1926 பிப்ரவரி 3-ஆம் தேதி ரயில் ஏறினான். குழந்தைக்கு 37 நாள். நம்ம வீட்டில் அந்த வயசுக் குழந்தைக்குத் தலையே நிற்காது. முகம் பார்த்துச் சிரிக்க அப்போதான் ஆரம்பிக்கும்.

பாரீஸ் போன சில நாளிலேயே நெஞ்சில் சளி கட்டிப் படுத்தான். இதயம் தாங்கலை. பிப்ரவரி 15-ஆம் தேதி இரவு, விடிந்தால் 16, பாரீஸை ஒட்டிய ஒரு மருத்துவமனையில் உயிர் போச்சு. வயசு 24. ஊரை விட்டுக் கிளம்பி இரண்டு வாரம்கூட ஆகலை. ஆடா டுரினில் கைக்குழந்தையோடு இருந்தாள். அவனைப் பாரீஸிலேயே, பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள்.

(அரங்கில் அமைதி)

இப்போ எதிரணி என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். “பார்த்தீங்களா, கொள்கையால் ஒரு பொண்ணு தாலியறுத்தாள், ஒரு குழந்தை அப்பனை இழந்தது” என்பார்கள். இழந்ததுதான். நான் மறுக்கலை. ஆனா அந்தக் குழந்தையிடமிருந்து அப்பனைப் பிரித்தது கொள்கையா? அந்தத் தந்தியா? திருடன் வந்து வீட்டை உடைத்தால், ‘ஏன் வீட்டில் நகை வைத்தாய்’ என்று வீட்டுக்காரனைக் கேட்கிற கதையா இருக்கே! (கைதட்டல்)

கைதட்டிட்டீங்க. இத்தோடு நான் உட்கார்ந்தால் ஜெயித்த மாதிரிதான். ஆனா அது நேர்மையில்லை. ஏன்னா, குடும்பத்துக்காக வளைந்து கொடுத்தவர்களின் கதையும் அதே நாட்டில் இருக்கு. 1931-ல் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் எல்லாரும் பாசிச அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கணும் என்று சட்டம் போட்டார்கள். நாடு முழுக்க ஏறக்குறைய 1,200 பேராசிரியர்கள். எடுக்க மாட்டேன் என்று சொன்னவர்கள் ஒரு டஜன் பேர். மற்றவர்கள் எல்லாம் கெட்டவர்களா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வீட்டில் பிள்ளைகள், வாடகை, வயசான அம்மா. எத்தனை பேர் கை நடுங்கக் கையெழுத்துப் போட்டார்களோ!

கை நடுங்கக் கையெழுத்துப் போடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி, நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், வந்து சேராத சாமானுக்கு ‘வந்து சேர்ந்தது’ என்று இருப்புப் பதிவேட்டில் எழுதி என் முன்னால் வைத்தார்கள். கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் எங்கேயாவது தண்ணியில்லாத ஊருக்கு மாற்றல். வீட்டில் என் மகளுக்கு மூன்று மாசம். என்னுடைய கொள்கை எல்லாம் அன்றைக்கு எங்கே போச்சோ தெரியலை, போட்டுட்டேன். அந்தச் சம்பளத்தில்தான் பால் வாங்கினேன் சகோதரி. நீங்க சொன்ன குடும்பப் பொறுப்பை நான் நிறைவேற்றினேன்.

ஆனா பாருங்க, குடும்பத்துக்காகச் செய்த அந்தக் காரியத்தை நான் குடும்பத்திடம் சொன்னதேயில்லை. மகளுக்குத் தெரியாது. முன்வரிசையில் இருக்கிற என் துணைவியாருக்கே இப்போ, உங்களோடு சேர்ந்துதான் தெரியும். (அமைதி) இது என்ன விசித்திரம்? நகை வாங்கினால் சொல்றோம், நிலம் வாங்கினால் சொல்றோம், உனக்காகத்தாண்டா படிக்க வைக்கக் கடன் வாங்கினேன் என்று பத்துத் தடவை சொல்லிக் காட்டறோம். இதை மட்டும் ஏன் சொல்ல முடியலை?

ஆடாவுக்கு மறைக்க எதுவும் இல்லீங்க. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

பால் யார் வாங்கினார்கள்? அந்த அம்மா வாங்கினாங்க. பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியையாக வேலை பார்த்து, மொழிபெயர்த்து, மகனை வளர்த்தாங்க. வீடு நிறைய அப்பாவின் புத்தகம். வாசல் தேடி வருகிறவர்கள் அப்பாவின் நண்பர்கள். பெனெடெட்டோ குரோச்சே என்ற பெரிய தத்துவ மேதை அந்தக் குடும்பத்துக்கு ஆதரவாக இருந்தார். 1937-ல் எட்டோரே மார்க்கெசினி என்ற நல்ல மனுஷரை ஆடா மறுமணம் செய்துகொண்டாங்க. 1940-ல், இன்னும் முசோலினி ஆட்சி நடக்கும்போதே, புனைபெயரில் ஒரு குழந்தைக் கதைப் புத்தகம் எழுதினாங்க. பதின்மூன்றாவது முட்டையிலிருந்து பொரிந்து வந்து, மற்ற குஞ்சுகள் மாதிரி வரிசையில் நிற்காத ஒரு சேவலின் கதை. தணிக்கைக்காரர் கோழிக் கதைதானே என்று விட்டிருப்பார் போல! (சிரிப்பு)

1943 செப்டம்பர். ஜெர்மன் படை டுரினுக்குள் நுழையுது. ஆடா எதிர்ப்பு இயக்கத்தில் இறங்கினாங்க. அந்த அம்மாவுக்கு 41 வயசு. கூடவே யார் கிளம்பினது தெரியுமா? அந்த 37 நாள் குழந்தை! பாவ்லோவுக்கு அப்போ 17. அப்பா பத்திரிகை ஆரம்பித்த அதே வயசு. எந்தத் தாய்க்குங்க மனசு வரும்? கணவனைக் கொடுத்தாச்சு, இருக்கிறது ஒத்தைப் பிள்ளை. ‘நீயாவது வீட்டில் இருடா’ என்றுதானே சொல்லத் தோணும்? அந்த அம்மா பின்னாளில் அச்சிட்ட நாட்குறிப்பு முழுக்க அந்தப் பயம்தான். பிள்ளை மலைமேல் போயிருக்கிறான், இருட்டிவிட்டது, இன்னும் வரலை என்கிற பயம். அது எந்த ஊர்த் தாய்க்கும் உள்ள பயம்தான். பயந்துகிட்டே அனுப்பினாங்க. தானும் போனாங்க. அந்தக் குறிப்புகளை அன்றன்றைக்கு ஒரு சின்ன நோட்டில், வேறு யாருக்கும் புரியாதபடி ஆங்கிலத்தில் கிறுக்கி வைத்திருந்தாங்க. பிடிபட்டால் யாரையும் காட்டிக் கொடுக்கக் கூடாதே என்று. குரோச்சே கேட்டதால்தான் பின்னால் அதை விரித்து எழுதினாங்க, 1956-ல் புத்தகமாச்சு.

1944 டிசம்பர் கடைசியில், கொட்டுகிற பனியில், ஆடாவும் எட்டோரேயும் பாவ்லோவும் இன்னும் சில தோழர்களும் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து பிரான்சுக்குப் போனார்கள். நேசநாட்டுப் படைகளோடு தொடர்பு ஏற்படுத்தணும், அதுக்காக. 18 வருஷத்துக்கு முன்னாடி பியரோ ரயிலில் போனதும் பிரான்சுக்குத்தான். அவன் திரும்பலை. இவர்கள் அதே மலையைத் தாண்டித் திரும்பி வந்தார்கள்.

1945 ஏப்ரல் 28-ல் முசோலினியைச் சுட்டுக் கொன்றார்கள். அதே நாட்களில் டுரின் விடுதலையாச்சு. புதிய நகராட்சியில் துணை மேயராக யாரை உட்கார வைத்தார்கள் தெரியுமா? ஆடா கொபெட்டியை! அந்த ஊருக்கு ஒரு பெண் அந்தப் பதவிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. வாழ்க்கையைக் கஷ்டமாக்குங்கள் என்று எந்த ஊருக்குத் தந்தி போச்சோ, அதே ஊர்! (நீண்ட கைதட்டல்)

அப்புறம் அந்த அம்மா என்ன செய்தாங்க? சும்மா இருந்தாங்களா? 1959-ல் அவங்களும் ஒரு பத்திரிகை தொடங்கினாங்க. அரசியல் பத்திரிகை இல்லை. ‘பெற்றோர்களின் இதழ்’ என்று அதுக்குப் பேர். பிள்ளைகளை எப்படி வளர்க்கிறது என்று தாய் தகப்பன்களுக்காக ஒரு பத்திரிகை! எதிரணி நண்பர்கள் இதை எந்தக் கணக்கில் எழுதுவீங்க? குடும்பக் கணக்கிலா, கொள்கைக் கணக்கிலா? எனக்குச் சொல்லத் தெரியலை. 1961-ல், பியரோவும் ஆடாவும் வாழ்ந்த வீட்டில் அவன் பேரில் ஆய்வு மையம் ஏற்படுத்தினார்கள். அதில் பாவ்லோவும் கூட நின்றார். 1968-ல் ஆடா காலமானாங்க. பாவ்லோ சினிமா விமர்சகராகி, எதிர்ப்பு இயக்கத்தைப் பற்றிய திரைப்படங்களைத் தேடிச் சேர்க்க ஒரு காப்பகமே அமைத்தார். 1995 வரைக்கும் இருந்தார். அப்பாவோட முகம் அவருக்கு நினைவில் இருந்திருக்க வழியே இல்லை. ஆனா அப்பா எழுதின ஒவ்வொரு வரியும் அவர் வீட்டு அலமாரியில் இருந்தது.

அந்த மனுஷரைக் கேட்டிருந்தால், ‘எனக்கு இந்தக் காப்பகம், ஆய்வு மையம் எல்லாம் வேண்டாம், அப்பா இருந்திருந்தால் போதும்’ என்று சொல்லியிருப்பாரோ என்னவோ. அடுத்துப் பேச வருகிற நண்பர் இதைக் கேட்பார். கேட்கட்டும். நான் அதுக்குப் பதில் வைத்துக்கொண்டு வரலை.

(மணி ஒலிக்கிறது)

நடுவர் மணி அடித்துவிட்டார். நடுவர் ஐயா, தீர்ப்பை நீங்க எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சொல்லுங்க. இந்த நிகழ்ச்சி ஒளிபரப்பாகிறதுக்கு முன்னாடி நான் வீட்டுக்குப் போய், மகளை உட்கார வைத்து, அந்தப் பதிவேட்டுக் கதையை என் வாயாலேயே சொல்லியாகணும். துணைவியார் முகத்தில் வரும்போது இருந்த அந்தச் சிரிப்பை இப்போ காணோம். நான் உட்காருகிறேன்.

(கைதட்டல்)